தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போனவர்கள்

நியூஜெர்சியின் முதல் தமிழ் ஜாஸ் பாடகி என்று எனக்குப் பட்டம் கொடுத்தது ஒரு வாட்ஸாப் குழு. செய்தியைப் போட்டவர் எடிசன் ஊரில் எங்கள் சங்கீத ரசிகர் வட்டத்தின் செயலாளர். அவரை ஊரே அங்கிள் என்று கூப்பிடும். எனக்கும் அவருக்கும் பன்னிரண்டு வயதுதான் வித்தியாசம், ஆனாலும் அங்கிள்தான். எனக்கு முன்னால் வேறு எந்தத் தமிழச்சியாவது இங்கே ஜாஸ் பாடியிருக்கிறாளா என்று அவர் விசாரித்ததாகத் தெரியவில்லை. நானும் விசாரிக்கவில்லை. தானாக வருகிற பட்டத்தை யாராவது நோண்டுவார்களா?

பட்டம் வந்த அன்று எனக்கு வயது ஐம்பத்தொன்று. என் ஜாஸ் வாழ்க்கைக்கு வயது மூன்று. அதுவரை மொத்தம் ஏழு முறை மேடை ஏறியிருந்தேன். அதிலும் இரண்டு முறை மேடையே கிடையாது. லைப்ரரியில் குழந்தைகள் புத்தக அலமாரிக்கும் ஜெராக்ஸ் மெஷினுக்கும் நடுவில் நின்று பாடினேன். ஒருவர் என் பாட்டுக்கு நடுவே வந்து பாஸ்போர்ட்டை இரண்டு காப்பி எடுத்துக்கொண்டு போனார்.

ஜாஸ் என் வாழ்க்கையில் வந்தது என் மகளின் காலேஜ் அப்ளிகேஷன் வழியாக. அவள் ஹைஸ்கூல் போனபோது ஏதாவது ஒரு வாத்தியம் வாசித்தால் அப்ளிகேஷனில் எடுப்பாக இருக்கும் என்று நானும் என் கணவரும் முடிவு செய்தோம். வயலின் எல்லாத் தமிழ் வீட்டிலும் இருக்கிறது, கூட்டத்தில் தெரியாது. ஆகவே சாக்ஸபோன். வாரம் மூன்று நாள் அவளைக் கொண்டுபோய் விட்டு, ஸ்கூல் ஜாஸ் குழுவின் ஒத்திகை முடியும்வரை ஆடிட்டோரியத்தின் கடைசி வரிசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பேன். எனக்கு சாப்ட்வேர் டெஸ்டிங்கில் வேலை. அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். முதல் ஆறு மாதம் அந்தப் பிள்ளைகள் விட்ட தப்புகளை மனதுக்குள் குறித்துக்கொண்டே இருந்தேன். ஏழாவது மாதம், எது தப்பு, எது வேண்டுமென்றே செய்தது என்று எனக்குச் சொல்ல முடியாமல் போயிற்று. அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

காலேஜில் இடம் கிடைத்த மறுவாரமே மகள் சாக்ஸபோனைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். "ஐ'ம் டன், அம்மா" என்றாள். சரி, நீ முடி என்றேன். எனக்கு முடிக்க மனசில்லை.

எனக்குப் பாட்டு புதிதல்ல. நங்கநல்லூரில் பதினோரு வருஷம் கர்நாடக சங்கீதம் படித்தவள். கல்யாணம், விசா, குழந்தை, வீட்டுக் கடன் என்று அது சுருங்கிச் சுருங்கி, கடைசியில் நவராத்திரி கொலுவுக்குப் போகிற வீடுகளில் தலைக்கு ஒரு பாட்டு என்று நின்றுபோயிருந்தது. ஜாஸ் பிடித்த புதிதில் ஒரு கொலுவில், "ஒரு பாட்டுப் பாடேம்மா" என்றார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஜாஸ் பாட்டை நிதானமாக எடுத்தேன். காதலன் ரயிலேறிப் போய்விட்டான் என்று ஒருத்தி புலம்புகிற பாட்டு. இரண்டாவது அடிக்குப் போவதற்குள் என் கையில் சுண்டல் கிண்ணம் வந்துவிட்டது. "நல்லா இருக்கு. தொண்டை சரியில்லியா?" என்று அந்த வீட்டு ஆன்ட்டி விசாரித்தார்.

இப்படியே இருந்தால் கதைக்கு ஆகாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் லைப்ரரியில் நடந்த ஜாஸ் கூட்டத்துக்குப் போனேன். யார் வேண்டுமானாலும் போய்ப் பாடலாம், வாசிக்கலாம். அதை நடத்தியவர் டிரம்ஸ் வாசிக்கிற ஒரு பெண்மணி. கறுப்பினத்தவர், நியூவர்க்கில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். வார நாட்களில் பல் டாக்டர் ஒருவரிடம் பல் சுத்தம் செய்கிற வேலை. நான் உச்சஸ்தாயியில் வாயைத் திறந்து ஒரு பிடி பிடித்தபோது அவர் உற்றுப் பார்த்தார். ஆகா, மயங்கிவிட்டாள் என்று நினைத்தேன். பாட்டு முடிந்ததும் பக்கத்தில் வந்து, "மேல் ஈறு வீங்கியிருக்கிறது, தினமும் பல்லிடுக்கை ஃபிளாஸ் செய்கிறாயா?" என்றார்.

பிறகுதான் பாட்டுக்கு வந்தார்.

"கையில் என்ன செய்துகொண்டிருந்தாய்?"

நான் பழக்கதோஷத்தில் தொடையில் தாளம் போட்டிருக்கிறேன். "எண்ணிக்கொண்டிருந்தேன்" என்றேன்.

"அதற்குத்தான் நான் இருக்கிறேன். நீ பாடு."

சும்மா சொல்லக்கூடாது, என்னைப் படாத பாடு படுத்தினார். ஜாஸில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணிக் கைதட்டினால் தட்டு இரண்டிலும் நாலிலும் விழவேண்டும். எனக்கோ ஒன்றில்தான் விழும். பதினோரு வருஷம் ஒன்றில் விழுந்த கை அது. காலை ரயிலில் மன்ஹாட்டன் போய்ச் சேரும்வரை, மடியிலிருந்த டிபன் பையின்மேல் இரண்டு, நாலு, இரண்டு, நாலு என்று தட்டிப் பழகினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எனக்கு ஏதோ நரம்புக் கோளாறு என்று நினைத்து ஜன்னலோர இடத்தைக் கொடுத்தார். அந்த இடத்தை வேண்டாமென்று சொல்ல நான் என்ன பைத்தியமா?

இன்னொரு நாள், வார்த்தையே இல்லாமல் வாயில் வந்ததைப் பாடு என்றார் டிரம்ஸ்காரி. ஜாஸில் அது பெரிய வித்தை. எனக்கு வாயில் வந்தது ஸரிகமதான். வெட்கத்தை விட்டு அதையே அவருடைய தாளத்தின்மேல் அள்ளிக் கொட்டினேன். அவர் குச்சியை மடியில் வைத்துவிட்டு, "இன்னொரு தடவை" என்றார். பதினோரு வருஷத்தில் என் பாட்டு டீச்சர் ஒருநாளும் என்னிடம் இன்னொரு தடவை கேட்டதில்லை. தப்பு வந்தால் மட்டும் கேட்பார்.

மூன்று வருஷம் இப்படிப் போனபின் ஒருநாள் டிரம்ஸ்காரி போன் செய்தார். பிரின்ஸ்டன் போகிற வழியில் ஒரு ரெஸ்டாரன்டில் மாதாமாதம் இரண்டாவது ஞாயிறு மதியம் வாசிக்க அவருடைய குழுவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. பியானோ இருக்கிறது, பேஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியம் இருக்கிறது, டிரம்ஸுக்கு அவர் இருக்கிறார். நிரந்தரப் பாடகி இல்லை. இருந்தவர் அட்லாண்டாவுக்குக் குடிபோய்விட்டார்.

"முதல் தடவை நீ பாடு. எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு அன்றைக்கே முடிவு சொல்கிறேன். இன்னும் இரண்டு பேரை மனதில் வைத்திருக்கிறேன், மறைக்க விரும்பவில்லை" என்றார்.

எனக்கு அந்த இடம் வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கிரீன் கார்டுக்குப் பிறகு எதற்கும் நான் இப்படி ஆசைப்பட்டதில்லை. கிரீன் கார்டுக்காவது வக்கீல் இருந்தார். ரெஸ்டாரன்ட்காரர் முதல் நாள் கூட்டம் நிறைந்திருந்தால் நல்லது என்று சொன்னாராம். கூட்டம்தானே என்று நான் அங்கிளுக்குப் போன் போட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அங்கிள் மூன்று நாளில் முப்பத்துநாலு பேரைத் திரட்டிவிட்டார். பட்டம் வந்தது அப்போதுதான். யார் காரில் யார் வருவது, எங்கே பார்க்கிங் என்று எக்செல் ஷீட் போட்டார். வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவரக்கூடாது, அங்கேயே வாங்கித்தான் சாப்பிட வேண்டும் என்று நான் குழுவில் மூன்று முறை எழுதினேன். அப்படியும் கொலுவில் எனக்குச் சுண்டல் கொடுத்த அதே ஆன்ட்டி முறுக்கோடு வந்திருந்தார். கேட்டால், "முறுக்கு எப்படிம்மா சாப்பாடாகும்?" என்கிறார்.

என் கணவரும் வந்தார். பொள்ளாச்சிக்காரர். என் ஜாஸ் பற்றி அவருக்குத் தனியாக அபிப்பிராயம் எதுவும் இல்லை. "நல்லாருக்குது" என்பார். சாம்பாரில் உப்பு விட்டுப்போனாலும் அதே "நல்லாருக்குது"தான். அன்றைக்கு அவர் வந்ததே என்னைக் கொண்டுவந்து விடுவதற்குத்தான் என்று நினைத்தேன்.

முதல் பாட்டு நன்றாகவே போனது. ஜாஸில் ஒரு பாட்டை முதலில் பாடகி முழுதாகப் பாடிவிடுவாள். அப்புறம் பியானோ, பேஸ், டிரம்ஸ் என்று ஒவ்வொருவராக அந்தப் பாட்டின் அளவுக்குள்ளேயே தங்கள் கற்பனையை வாசிப்பார்கள். ஒவ்வொருவர் முடித்ததும் சபை கைதட்டும். கடைசியில் பாடகி மறுபடி பாட்டை எடுத்து முடித்து வைப்பாள்.

பியானோக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், பயந்த சுபாவம். அன்றைக்கு உயிரைக் கொடுத்து வாசித்தார். முடித்தபோது ஒரு கைதட்டு இல்லை. முப்பத்துநாலு தலையும் இடமும் வலமுமாக ஆடின. முன்வரிசையிலிருந்து "ச்சு... ச்சு... ச்சு" என்று சத்தம் வந்தது. நம்மாட்கள் உருகிப்போனால் அப்படித்தான். பாவம், அந்த மனிதருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"அவ்வளவு மோசமாகவா வாசித்தேன்?" என்று என்னிடம் கிசுகிசுத்தார்.

"இல்லை, ரொம்பப் பிடித்துப்போய்விட்டது" என்றேன்.

"வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறார்களே?"

அவருக்கு விளக்க அப்போது நேரமில்லை. முன்வரிசையில் அங்கிள் வேறு, "சாருகேசி ராகத்து வாடை அடிக்குது" என்று மேடைக்கே கேட்கிற மாதிரி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அவர், "இல்ல சார், கீரவாணி" என்றார். இரண்டு பேரும் போனில் எதையோ தேட ஆரம்பித்தார்கள். மைக் மட்டும் கையில் இல்லாவிட்டால் அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

மூன்றாவது பாட்டில் டிரம்ஸின் முறை வந்தது. பியானோ நின்றது, பேஸ் நின்றது. நான் ஜாஸ் மேடை வழக்கப்படி ஓரமாக நகர்ந்து நின்றேன். டிரம்ஸ்காரி கண்ணை மூடிக்கொண்டு மெல்ல ஆரம்பித்தார். ஆரம்பித்த நாலாவது நொடி நாற்காலிகள் கிறீச்சிட்டன.

எழுந்துவிட்டார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை, பேசிக்கொள்ளவில்லை. முப்பத்துநாலு பேரும் ஒரே மூச்சாக எழுந்து, பாதிப்பேர் ரெஸ்ட்ரூம் பக்கமும் பாதிப்பேர் காபி கவுன்டர் பக்கமும் நடக்க ஆரம்பித்தார்கள்.

சென்னையில் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பெரிய உருப்படி முடிந்து மிருதங்கக்காரருக்குத் தனி ஆவர்த்தனம் விட்டதும், அதாவது அவர் மட்டும் தனியாக வாசிக்க ஆரம்பித்ததும், சபைக்குக் கேண்டீன் ஞாபகம் வந்துவிடும். பாடகர் பாடும்போது போனால் மரியாதை இல்லை, மிருதங்கத்தின்போது போனால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று எந்தக் காலத்திலோ யாரோ முடிவு செய்துவிட்டார்கள். மிருதங்கக்காரரைக் கேட்டார்களா என்றால் கேட்டிருக்க மாட்டார்கள். நான் மட்டும் என்ன யோக்கியமா? கீரை வடை தீர்ந்துவிடப் போகிறதே என்று எத்தனை தனி ஆவர்த்தனங்களில் ஓடியிருக்கிறேன். அமெரிக்கா வந்து இத்தனை வருஷமாகியும், ஜாஸ் கேட்கிற இடத்திலும், அந்தப் பழக்கம் இத்தனை பத்திரமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

டிரம்ஸ்காரி கண்ணைத் திறந்தார். எதிரே காலி நாற்காலிகள். மிச்சமிருந்தது ரெஸ்டாரன்டுக்குத் தற்செயலாகச் சாப்பிட வந்திருந்த பத்துப் பேர். அவர் முகத்தை நான் பார்த்தேன், இன்னும் மறக்கவில்லை. அடிபட்டுவிட்டு, படவில்லை என்று காட்டிக்கொள்கிற முகம். பாட்டின் இரண்டு சுற்றாவது வாசிக்க வேண்டியவர், அரைச் சுற்றில் முடித்துக்கொண்டு எனக்குத் தலையசைத்தார். நான் என்ன பாடினேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும். காபி வரிசையில் முதல் ஆளாக நின்றுகொண்டிருந்தது என் கணவர்.

இடைவேளையில் டிரம்ஸ்காரி குனிந்து ஏதோ ஒரு திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே முடுக்கித்தான் இருந்தது.

"உன் ஆட்களுக்கு என்னைப் பிடிக்கவில்லையா?" என்று தலை நிமிராமலே கேட்டார்.

"ஐயோ, அப்படியில்லை. எங்கள் ஊர் வழக்கம் அது."

"எது?"

"டிரம் தனியாக வாசிக்கும்போது வெளியே போவது."

"எல்லா இடத்திலுமா?"

"கிட்டத்தட்ட எல்லாக் கச்சேரியிலும்."

"அதற்கு அந்த டிரம்மர்கள் என்ன சொல்வார்கள்?"

"கோபப்படுவார்கள்."

"அப்புறம்?"

"அப்புறம் மறுபடியும் வாசிப்பார்கள்."

அவர் சிரிக்கவில்லை. நான் சொன்னது உண்மை என்பதால் எனக்கும் சிரிப்பு வரவில்லை. "இரண்டாவது பகுதியில் நான் தனியாக வாசிக்கப் போவதில்லை. பேஸ் முடிந்ததும் நீ நேராகப் பாட்டுக்கு வந்துவிடு" என்றார். அப்புறம், "அடுத்த மாதத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்" என்றார். இருபத்தைந்து வருஷமாக அமெரிக்க ஆபீஸில் குப்பை கொட்டுகிறவளுக்குப் பிறகு பேசலாம் என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாதா? போச்சு, எல்லாம் போச்சு.

நான் மேடையிலிருந்து இறங்கினேன். முதலில் கிடைத்தவர் அங்கிள்.

"என்ன அங்கிள் இப்படிப் பண்ணிட்டீங்க?"

"என்னம்மா பண்ணேன்?"

"டிரம்ஸ் வாசிக்கும்போது மொத்தப் பேரும் எந்திரிச்சுப் போயிட்டீங்க!"

"தனி வந்துது, போனோம். இன்டர்வெல்ல போனா ரெஸ்ட்ரூம்ல பெரிய க்யூ நிக்கும்மா."

"இது ஜாஸ், அங்கிள். இங்க அப்படியெல்லாம் யாரும் போக மாட்டாங்க."

அவர் உண்மையான அக்கறையோடு, "அப்ப எப்பதாம்மா போவாங்க?" என்று கேட்டார்.

முறுக்கு ஆன்ட்டி சமாதானத்துக்கு வந்தார். "பாவம், அந்தப் பொண்ணு ரொம்ப நல்லா வாசிச்சா. பாத்ரூம் வரைக்கும் கேட்டுது."

"அதை அவங்ககிட்ட போய்ச் சொல்லாதீங்க ஆன்ட்டி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அப்போது என் கணவர் இரண்டு காபிக் கோப்பைகளோடு வந்தார். "உனக்கும் ஒண்ணு சொன்னேன்" என்றார்.

"நீங்களுமா? ஊரான் போனா பரவாயில்லை. நீங்களுமா எந்திரிச்சுப் போகணும்?"

"எனக்குக் காபி வேணும்னே இல்லை. கால் தானா எந்திரிச்சிருச்சு."

"உங்க காலை வீட்டுக்கு வந்து கவனிச்சுக்கறேன்" என்று ஆரம்பித்தவள், மேலே திட்ட முடியாமல் நின்றேன். "எனக்கு இந்த இடம் வேணும்ங்க. எப்படியாவது வேணும். இன்னிக்கு விட்டா அவங்க என்னைக் கூப்பிட மாட்டாங்க."

அவர் கோப்பைகளைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். "அவ்வளவு வேணுமா?"

"ஆமா."

"ஒருநாளும் சொன்னதில்லையே."

"ஒருநாளும் கேட்டதில்லையே."

அவர் இரண்டு காபியையும் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பார்த்தால், ரெஸ்ட்ரூமுக்கும் கவுன்டருக்கும் போகிற வழியில் ஒரு நாற்காலியைப் போட்டு, ஆறடி உடம்பின் இரண்டு காலையும் முழுதாக நீட்டி, வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இரண்டாவது பகுதியில் டிரம்ஸ்காரி சொன்னது போலவே அடக்கி வாசித்தார். ஒரு தப்பும் இல்லை, ஒரு உயிரும் இல்லை. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. கடைசிப் பாட்டு வேகமான பாட்டு. நான் பாடினேன், பியானோ வாசித்தது, பேஸ் வாசித்தது. இப்போது நான் பாட்டுக்குத் திரும்பவேண்டும். டிரம்ஸ்காரி என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

நான் பாடவில்லை.

வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். ஓரத்துக்கும் நகரவில்லை. மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, அவர் பக்கம் பாதி திரும்பி நின்று, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இடது உள்ளங்கையை உயர்த்திப் பிடித்து, வலது கையால் ஆதி தாளம் போட ஆரம்பித்தேன். ஒரு தட்டு, மூன்று விரல், தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு. எங்கள் கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின்போது பாடகி செய்கிற வேலை அதுதான். வாசிக்கிறவருக்காகக் கடைசிவரை உட்கார்ந்து தாளம் போடுவாள், எழுந்து போக மாட்டாள்.

பியானோக்காரர் என்னைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார். பேஸ்காரரும் எடுத்தார். டிரம்ஸ்காரி ஒரு நிமிஷம் வெறும் தாளத்தை மட்டும் ஓட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். புருவத்தைத் தூக்கினார். நான் வாயைத் திறப்பதாக இல்லை. வேறு வழியில்லாமல், கோபத்தோடுதான், வாசிக்க ஆரம்பித்தார்.

முன்வரிசையில் அங்கிளின் முட்டி நாற்காலியிலிருந்து மேலே எழுவதைப் பார்த்தேன்.

"உக்காருங்க அங்கிள்!"

மைக் என் வாய்க்கு நேராக இருந்ததை மறந்துவிட்டேன். ரெஸ்டாரன்டே அதிர்ந்தது. அங்கிள் தொப்பென்று உட்கார்ந்தார். எழ நினைத்த மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். தமிழே தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த பத்துப் பேரும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்கள். ஒரே ஒருத்தர் பின்வரிசையிலிருந்து நழுவி, என் கணவரின் கால்வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

உட்கார வைத்தாகிவிட்டது, கை சும்மா இருக்குமா? முதலில் முறுக்கு ஆன்ட்டியின் கை தொடைக்குப் போயிற்று. அடுத்து அங்கிள். அரைச் சுற்று முடிவதற்குள் முப்பத்துச் சொச்சம் கைகள் ஒன்றாகத் தட்டி, விரல் எண்ணி, திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தன. என் கணவர் மட்டும் தன் சொந்தக் கணக்கில் கை தட்டினார்.

டிரம்ஸ்காரி அதைப் பார்த்துவிட்டார். முதலில் அது என்னவென்று அவருக்குப் புரியவில்லை. ஒரு சுற்று பார்த்தார், புரிந்துபோயிற்று. இத்தனை பேரும் தன்னோடு ஒவ்வோர் அடியையும் எண்ணுகிறார்கள்! உடனே வம்புக்கு இழுத்தார். தாளத்துக்குக் குறுக்காக வாசித்து இவர்கள் கையைத் தடுமாற வைக்கப் பார்த்தார். கைகள் அசையவில்லை. இன்னும் சிக்கலாக ஒன்றைப் போட்டார். அங்கிள் ஓர் இடத்தில் தவறி, பக்கத்தில் இருந்தவரின் கையைத் திருட்டுத்தனமாகப் பார்த்துச் சேர்ந்துகொண்டார். மற்றவர்கள் விடவில்லை. டிரம்ஸ்காரி வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் அவர் வாசித்தது இருக்கிறதே, அடேயப்பா, இந்த மூன்று வருஷத்தில் அவர் அப்படி வாசித்து நான் கேட்டதில்லை. அரைச் சுற்றில் விட்டவர் ஐந்து சுற்று வாசித்தார். கடைசியில் எங்கெங்கோ சுற்றி, எல்லோரையும் மூச்சுப்பிடிக்க வைத்து, ஒன்றில் வந்து இறங்கினார். அதே நொடியில் அத்தனை உள்ளங்கைகளும் தொடையில் விழுந்தன. அங்கிள் "சபாஷ்!" என்று கத்தினார். "ச்சு ச்சு" என்ற சத்தம் அடங்கவே நேரமாயிற்று. நான் பாட்டுக்குத் திரும்பினேன். குரல் கரகரத்துப்போய், கடைசி அடியைப் பாதிக்குமேல் பேசித்தான் முடித்தேன்.

எல்லோரும் கிளம்பிய பிறகு டிரம்ஸ்காரி சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"உன்னைப் பாடச் சொன்னேன்" என்றார்.

"ஆமாம்."

"ஏன் பாடவில்லை?"

"நீங்கள் வாசிக்காமல் போனால் எனக்கு ஆறாது" என்றேன்.

"சொன்ன பேச்சைக் கேட்காதவர்களை நான் குழுவில் வைத்துக்கொள்வதில்லை."

நான் தலையை ஆட்டினேன். எனக்கு இனிமேல் கேட்க எதுவும் இல்லை என்று பையை எடுத்தேன்.

"நில், இன்னும் முடிக்கவில்லை" என்றார். "பதினெட்டு வருஷமாக வாசிக்கிறேன். என் முறை வரும்போது பாடகிகள் போனைப் பார்ப்பார்கள், தண்ணீர் குடிப்பார்கள், உதட்டுச் சாயத்தைச் சரிசெய்வார்கள். பொறுமை போய் நடுவிலேயே பாட ஆரம்பித்தவர்களும் உண்டு. எனக்காக வாயை மூடிக்கொண்டு கடைசிவரை பக்கத்திலேயே நின்ற பாடகி நீதான். அடுத்த மாதம் ஒரு மணிக்கு முன்னாலேயே வந்துவிடு. அவர்களையும் கூட்டிக்கொண்டு வா. அந்த அங்கிளைக் கட்டாயம் கூட்டிவா."

வாயை மூடு என்று எனக்குச் சொல்லாதவர்கள் இல்லை. அம்மா சொல்லியிருக்கிறாள், மாமியார் சொல்லியிருக்கிறார், மீட்டிங்கில் மேனேஜர் நாசூக்காகச் சொல்லியிருக்கிறார். ஒருநாளும் நான் கேட்டதில்லை. ஜென்மத்தில் ஒருமுறை, யாரும் சொல்லாமல் நானாக மூடினேன். அதற்கு எனக்குப் பாடகி வேலை கிடைத்தது.

காரில் ஏறி உட்கார்ந்ததும் அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. சீட் பெல்ட்கூடப் போடவில்லை. என் கணவர் மிரண்டுபோய்விட்டார்.

"கிடைக்கலையா?"

"கிடைச்சிருச்சு."

"அப்புறம் எதுக்கு அழுவற?"

இந்த நாட்டுக்கு நான் அவர் விசாவில் வந்தவள். அதற்கப்புறம் போன இடமெல்லாம் யாரையாவது கொண்டுபோய் விட, கூட்டி வர, கூட இருக்க, குடும்பத்துக்கு இன்ஷூரன்ஸ் வேண்டுமே என்று போன இடங்கள்தான். ஒரு குறையும் சொல்லவில்லை, ஆசையாகத்தான் போனேன். ஆனால் எனக்காக மட்டும், நீ வா என்று ஒருத்தர் என்னைக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். எவ்வளவு காலமாக அதற்கு ஏங்கியிருக்கிறேன் என்று கூப்பிட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. இதையெல்லாம் அழுகைக்கு நடுவே அரையும் குறையுமாக அவரிடம் உளறினேன்.

அவர் காரைக் கிளப்பவில்லை.

"அடுத்த மாசம் என்னிக்கு?" என்றார்.

"ரெண்டாவது ஞாயித்துக்கிழமை. எதுக்குக் கேக்கறீங்க? நானே ஓட்டிட்டுப் போயிக்குவேன்."

"எனக்குத்தான் கேட்டேன்."

போனை எடுத்துக் காலண்டரில் எதையோ தட்டினார். அவருக்குத் தமிழில் தட்டச்சு வராது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். நான் மூக்கைச் சிந்திக்கொண்டே எட்டிப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையின் கட்டத்தில், ஒன்றிலிருந்து நாலு மணிவரை, "அவ கச்சேரி. எந்திரிக்கக் கூடாது" என்று எழுதியிருந்தது.